தாய் முதலிற் கற்ற பாடம்

ஆனி மாதத்திலே நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்கு மகோற்சவம் தொடங்கிவிட்டால் குறிகட்டுவான் துறையில் படகுகளுக்கு ஓய்வில்லை. அடியார்களோடு நாதஸ்வரமும் தவிலும் உறைகளுக்குள் இருந்தபடியே கடல் கடந்து வருகின்றன. அம்பாள் வீதியில் எழுந்தருளும்போது கூட்டத்தின் நடுவே நான் பெரும்பாலும் பார்ப்பது வித்துவான்களை அன்று. தாய்மாரின் இடுப்பிலிருக்கும் குழந்தைகளை. ஒரு வயது நிரம்பாத குழந்தை தாயின் தோளிலே தட்டித் தட்டித் தாளம் போடும். சில வேளை தாளம் தப்பும். தாயின் கை அதன் முதுகிலே தட்டிக்கொண்டிருப்பதால் மீண்டும் வந்து சேர்ந்துகொள்ளும். அக்குழந்தைக்கு ஆதி தாளத்தின் அங்கங்களை யாரும் விளக்கியதில்லை.

இக்காட்சியை ஆண்டுதோறும் கண்டுவந்தும் இதன் பொருளை நெடுங்காலம் நான் உணரவில்லை. தீவிலே சிறுபிள்ளைகளுக்கு வயலின் கற்பிக்கத் தொடங்கியபோது நான் இட்ட முதற் கட்டளை, தாய்மார் வெளியே இருக்க வேண்டும் என்பதே. அவர்கள் அருகில் இருந்தால் பிள்ளையின் கவனம் சிதறும் என்பது என் எண்ணம். குருகுல மரபும் அதுவே என்று நம்பினேன். ஆகவே அவர்கள் முற்றத்துப் பூவரச நிழலிலிருந்து ஊர்க்கதை பேசினார்கள். உள்ளே நான் சரளி வரிசையோடு போராடினேன். நல்ல செவியுடைய ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி ஆறாம் மாதத்தில் வருவதை நிறுத்திவிட்டாள். தாயாரை ஒருநாள் வழியிற் கண்டு காரணம் கேட்டேன். வீட்டிலே பிள்ளை வாசிப்பது சரியோ பிழையோ என்று தமக்குத் தெரியவில்லை என்றும், தெரியாத காரணத்தால் வாசி, வாசி என்று அதட்ட மட்டுமே முடிந்தது என்றும், அதட்டி அதட்டி இருவருக்கும் வெறுத்துப் போயிற்று என்றும் சொன்னார். குற்றம் தம்முடையது என்பது போலவே சொன்னார். அது என்னுடையது என்று எனக்குக் காட்டியவர் நான் ஒருபோதும் கண்டிராத ஒருவர், யப்பான் தேசத்தவர். அவருடைய நூலொன்று பின்னாளில் என் கைக்கு வந்தது. அவர் கதையை நம் ஆசிரியர்கள் அறிந்திருப்பது நன்று.

ஷினிச்சி சுசுகி என்பது அவர் பெயர். சுசுகி என்றவுடன் நம்மவர்க்கு மோட்டார் சைக்கிள் நினைவுக்கு வருதல் இயல்பே; அது வேறு குடும்பம். இவர் 1898 ஆம் ஆண்டு ஒக்டோபர் 17 ஆம் நாள் நகோயா நகரிலே பிறந்தார். தந்தையார் மசாகிச்சி சுசுகி, சாமிசென் என்னும் மூன்று தந்திகளையுடைய யப்பானிய இசைக்கருவியைச் செய்யும் கைவினைஞர். மேனாட்டு வயலின் ஒன்றைக் காணும் வாய்ப்புக் கிடைத்தபோது அதைப் பார்த்தே தாமும் ஒன்று செய்து முடித்தார். அது 1880 களின் இறுதியில் நிகழ்ந்தது. நாளடைவில் யப்பானின் மிகப் பெரிய வயலின் தொழிற்சாலை அவருடையதாயிற்று.

ஆனால் விந்தை ஒன்று உண்டு. வயலின்கள் மலைபோற் குவிந்திருந்த அவ்வீட்டிலே பிள்ளைகளுக்கு வயலின் இசை தெரியாது. அவர்களுக்கு அது மரத்தாற் செய்த ஒரு பெட்டி. அண்ணன் தம்பிமாருடன் சண்டையிடும்போது ஓங்குவதற்கு வாய்ப்பான ஒரு பொருள். வணிகப் பாடசாலையில் படித்துத் தொழிற்சாலையில் கணக்கும் சரக்கும் பார்ப்பதே ஷினிச்சிக்கு விதிக்கப்பட்டிருந்தது. பதினேழு வயதளவில் வீட்டுக்கு ஒரு கிராமபோன் வந்தது. மிஷா எல்மன் என்னும் வித்துவான் வாசித்த சூபேர்ட்டின் ஆவே மரியா இசைத்தட்டைக் கேட்டு அவர் திகைத்துப் போனார். தாம் விளையாட்டுப் பொருளாக எண்ணிய பெட்டிக்குள் இத்தகைய குரல் இருந்ததென்பதை அன்றுதான் அறிந்தார். தொழிற்சாலையிலிருந்து ஒரு வயலினை எடுத்துவந்து, இசைத்தட்டைப் போட்டுப் போட்டு, கேட்டதைத் தானே தேடி வாசிக்கலானார். ஆசிரியர் இல்லை, சுரக்குறிப்பும் அறியார். செவி ஒன்றே துணை. அதே காலத்தில் டால்ஸ்டாயின் நாட்குறிப்பும் அவர் கைக்கு வந்தது. அந்த ருசிய ஞானியின் பாதிப்பு இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

டோகுகாவா என்னும் பிரபுவின் ஆதரவால் டோக்கியோ சென்று முறையாகக் கற்றார். பின்னர் 1920 களின் தொடக்கத்திலே ஜேர்மனி சென்று பேர்லினில் தங்கினார். அங்கே கார்ல் கிளிங்லர் என்னும் ஆசிரியரிடம் கற்றதாக அவரே எழுதியுள்ளார். 1923 இல் பேர்லின் இசைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் அவர் தேறவில்லை என்பது பிற்காலத்தில் ஏடுகளிலிருந்து தெரியவந்தது. இதைக் கொண்டு, கிளிங்லரிடம் கற்ற கதையே பொய் என்ற குற்றச்சாட்டு 2014 இல் எழுந்து செய்தித்தாள்களில் அடிபட்டது. கல்லூரியில் இடம் பெறாத ஒருவர் அக்கல்லூரி ஆசிரியரிடம் தனியே கற்பது எவ்வூரிலும் நடப்பதுதான். எனக்கு இதில் வியப்பில்லை. என்னைக் கவர்ந்தது வேறு. தேர்விலே தள்ளப்பட்ட இம்மனிதர் பின்னாளில் எந்தக் குழந்தையையும் தேர்வு வைத்துச் சேர்த்ததில்லை. செவி இருக்கிறதா, விரல் நீளமா என்று பார்த்ததில்லை. வந்த குழந்தைகள் எல்லோரையும் ஏற்றுக்கொண்டார்.

பேர்லினிலே அவருக்கு ஐன்ஸ்டைனுடன் பழகும் பேறு கிடைத்தது. அறிவியல் மேதை வயலின் பிரியர் என்பது பலரும் அறிந்ததே. அவர் வயலினைத் தொட்டதற்குக் காரணம் அவர் தாயார் பவுலின். பியானோ வாசிப்பதில் வல்லவரான அந்த அம்மையாரே மகனைச் சிறுவயதில் வயலின் கற்க வைத்தார். அம்மையார் 1920 இலேயே இறந்துவிட்டார்; சுசுகி கண்டது மகனின் கையிலிருந்த வயலினை மட்டுமே.

வால்ட்ராவுட் என்னும் ஜேர்மனியப் பெண்ணை 1928 இல் மணந்து, அவ்வாண்டிலேயே யப்பான் திரும்பினார். தம்பியரோடு நால்வர் குழு அமைத்துக் கச்சேரிகள் செய்தார். டோக்கியோவில் இளைஞர்களுக்குக் கற்பித்தும் வந்தார். அந்நாளில் ஒரு தந்தை நான்கு வயது மகனை அழைத்துக்கொண்டு வந்து, இவனுக்கு வயலின் கற்பிக்க வேண்டும் என்று கேட்டார். அச்சிறுவன் தொஷியா ஏதோ; பின்னாளில் உலகறிந்த கலைஞராகி, பிலடெல்பியாவின் கேர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் ஆசிரியராகவும் விளங்கியவர். ஆனால் அன்று அவன் நான்கு வயதுக் குழந்தை. அத்தனை சிறிய பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது என்று சுசுகிக்குத் தெரியவில்லை. அந்நாளைய முறைகள் எல்லாம் பத்து வயதுக்கு மேற்பட்டவர்க்கு உரியவை. நாட்கணக்கில் இதையே எண்ணிக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள் ஓர் உண்மை புலப்பட்டது. யப்பானியக் குழந்தைகள் எல்லாரும் யப்பானிய மொழி பேசுகிறார்கள்!

இதில் என்ன புதுமை என்று வாசகர் நகைக்கலாம். அவர் காலத்து அன்பர்களும் நகைத்தனர். ஆனால் சிறிது நின்று எண்ணிப் பார்த்தால் அதன் ஆழம் புரியும். மொழி எளியதொன்றன்று, வளர்ந்த பின் அயல்மொழி கற்க முயன்றவர்க்கு அது தெரியும். அத்தகைய அரிய கலையிலே மந்த புத்தியுடைய பிள்ளை என்று பெயரெடுத்தவனும் தேறிவிடுகிறான். எந்தக் குழந்தையும் நன்னூலைக் கற்று முடித்து அதன் பின் வாய் திறப்பதில்லை. அம்மா என்று ஒரு சொல் வருமுன்னர் அச்சொல்லை அது எத்தனையோ ஆயிரம் முறை கேட்டிருக்கிறது. தப்பாகச் சொன்னால் வீட்டார் அடிப்பதில்லை. மகிழ்ந்து சிரித்துத் தாமும் சரியாகச் சொல்கிறார்கள். சொன்ன சொல்லை நாளைக்கு மறக்க விடுவதுமில்லை. புதுச்சொல் வந்த பின்னும் பழஞ்சொல் வழங்கிக்கொண்டேயிருக்கிறது. அப்படியாயின் திறமை என்பது கருவிலே திருவாக வருவதன்று, சூழலால் வளர்வது என்று அவர் துணிந்தார். துணிந்தது பெரிதன்று, அச்சூழல் யார் என்று கேட்டாரே, அதுதான் பெரிது. வீட்டிலே குழந்தைக்குச் சூழல் என்பது தாய்.

இவ்வெண்ணம் முழு உருவம் பெறுமுன் போர் வந்தது. வயலின் தொழிற்சாலை கடல் விமானங்களுக்கு மிதவை செய்யும் தொழிற்சாலையாக மாற்றப்பட்டது. அதற்கு வேண்டிய மரம் தேடிச் சுசுகி கிசோ மலைப்பகுதிக்குச் சென்று வாழ்ந்தார். ஜேர்மனியப் பெண்ணாகிய மனைவி வேறோரிடத்தில் இருக்க நேர்ந்தது. பசியும் பிரிவுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. போர் முடிந்தபின் மற்சுமோதோ என்னும் மலைசூழ் நகரத்து அன்பர்கள் இசைப் பள்ளி ஒன்று தொடங்க அழைத்தார்கள். சிறுவர்களுக்குத் தாம் கண்ட முறையிலே கற்பிப்பதாயின் வருகிறேன் என்ற உடன்பாட்டுடன் சென்று, 1946 இல் அங்கே பணியைத் தொடங்கினார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அந்நகரமே அவர் ஊராயிற்று.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. கோஜி தொயோதா என்னும் சிறுவன் போருக்கு முன்னரே மூன்று வயதில் அவரிடம் கற்கத் தொடங்கியவன். போரினால் தொடர்பு அறுந்தது. அவன் பெற்றோரை இழந்துவிட்டான் என்ற செய்தி எட்டியதும் வானொலி மூலம் தேடச் செய்து, உறவினர் கடையில் வேலை செய்துகொண்டிருந்தவனைக் கண்டுபிடித்துத் தம் வீட்டுக்கே அழைத்து வந்து வளர்த்தார். சுசுகி தம்பதியருக்கு மக்கட்பேறு இல்லை. அச்சிறுவன் வளர்ந்து பேர்லின் வானொலி இசைக்குழுவில் முதல் வயலின் கலைஞராக அமர்ந்தார். வளர்த்தவரைத் தேர்விலே தள்ளிய அதே நகரத்தில்.

இனி மற்சுமோதோவில் நடந்த வகுப்பைப் பார்ப்போம். மூன்று வயதுக் குழந்தையைத் தாய் அழைத்து வருகிறார். குழந்தைக்கு வயலின் கொடுப்பதில்லை. தாயின் கையிலேதான் கொடுக்கிறார்கள். அதுவும் குழந்தையின் உடலுக்கேற்ற சிறிய வயலினை! தாய் அதைத் தோளில் ஏந்தி, வில் பிடித்து, ஒரு சிறு பாட்டை வாசிக்கும் வரையில் கற்க வேண்டும். உலகெங்கும் குழந்தைகள் அறிந்த விண்மீன் பாட்டின் மெட்டே அது. வீட்டிலே அதே மெட்டு இசைத்தட்டில் நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருக்கும். குழந்தை பேசாமற் பார்த்துக்கொண்டிருக்கிறது. வகுப்பிலே மற்றப் பிள்ளைகள் வாசித்து மகிழ்வதையும் பார்க்கிறது. சில வாரமோ சில மாதமோ சென்றபின் ஒருநாள் தாயின் கையிலிருந்து வயலினைப் பறிக்கிறது. தனக்கு உரிய பொருளைத் தாய் வைத்திருக்கிறாரே என்ற ஆத்திரம்! அன்றுதான் குழந்தையின் பாடம் தொடங்குகிறது. அதற்கும் அளவு உண்டு. குழந்தையின் கவனம் மூன்று நிமிடம் நிற்குமானால் பாடமும் மூன்று நிமிடந்தான்.

தாயை இசைக் கலைஞராக்குவது இதன் நோக்கமன்று. வில்லை நேராக இழுப்பது எத்துணைக் கடினம் என்று ஒருமுறை தன் கையால் அறிந்த தாய் பிள்ளையை அதட்டமாட்டார். எது சரியான ஒலி என்று செவியால் அறிந்த தாய்க்கு, வீட்டிலே ஆசிரியர் இல்லாத ஆறு நாட்களும் வீண்போகா. இவ்விரண்டு வரிகளைப் படித்தபோது பூவரச நிழலில் இருந்த தாய்மாரை நினைத்து நான் வெட்கினேன்.

1955 இல் டோக்கியோவிலே 1,200 குழந்தைகள் ஒருங்கே நின்று வயலின் வாசித்தனர். அதன் படச்சுருளை ஒபர்லின் கல்லூரியில் பயின்ற யப்பானிய மாணவர் ஒருவர் 1958 இல் அமெரிக்காவில் காட்டச் செய்தார். பார்த்த ஆசிரியர்கள் நம்ப மறுத்தார்கள். 1961 இல் முதுபெரும் இசைமேதை பாப்லோ கசால்ஸ் டோக்கியோவிலே இக்குழந்தைகளின் வாசிப்பைக் கேட்டுக் கண்ணீர் விட்டார். 1964 இல் சுசுகி பத்துக் குழந்தைகளோடு அமெரிக்கா சென்றார். அதன்பின் அவர் முறை பல நாடுகளுக்கும் பரவியது. வயலினோடு நில்லாது பியானோ, செலோ, புல்லாங்குழல் என விரிந்தது.

குறை சொன்னவர்களும் உண்டு. எல்லாக் குழந்தைகளும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் வாசிக்கிறார்கள் என்றனர். சுரக்குறிப்பைப் படிக்கப் பிந்திக் கற்பிப்பதால் பிள்ளைகள் செவியையே நம்பி நின்றுவிடுகிறார்கள் என்றனர். இரண்டாவது குறை நமக்குக் குறையாகத் தோன்றாது. கேள்வி ஞானம் என்ற பெருஞ்சொல்லைப் படைத்தவர்கள் நாம். என் மனத்தை உறுத்துவது பிறிதொன்று. சமையலும் துணியும் வயதான மாமியாரும் ஏற்கெனவே தலைமேலிருக்கும் பெண்ணுக்கு இதுவும் ஒரு சுமையாகிறது. யப்பானிலும் சுமந்தவர்கள் பெரும்பாலும் தாய்மாரே. பெற்றோர் என்ற சொல்லுக்குள் தந்தையும் இருக்கிறார் என்பதை அங்கும் மறந்தார்கள், இங்கும் மறக்கிறோம்.

ஆயினும் நம் யாழ்ப்பாணத்திலே தந்தையிடமிருந்து தொடங்கிய பெரிய வரலாறு உண்டு. தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1933 இல் இணுவிலிற் பிறந்து 1975 இல் மறைந்தவர். அவர் தந்தையார் விசுவலிங்கமும் தவில் வித்துவானே. தந்தையின் தவில் ஒலிக்கும் வீட்டிலே நடை பயின்ற பிள்ளைக்குப் பாடம் எந்நாளில் தொடங்கியது என்று யார் சொல்ல முடியும்? இசை பரம்பரையாக வந்த நம் குடும்பங்கள் எல்லாவற்றிலும் இதுவே நடந்தது. சுசுகி சொன்னதை அவர்கள் சொல்லாமலே செய்தார்கள். வேறுபாடு இதுதான்: நம்மிடம் அது பிறப்பால் வந்தவர்களின் சொத்தாக நின்றது. இசையே அறியாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும் என்று நாம் கேட்கவில்லை. சுசுகி கேட்டார். தாய்க்கு ஒரு பாட்டைக் கற்பித்து, அந்த வீட்டையே இசை ஒலிக்கும் வீடாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் கல்வி வரலாற்றிலே இதை ஒரு பெருஞ்செயலாக நான் மதிக்கிறேன்.

சுசுகி 1998 ஜனவரி 26 ஆம் நாள், நூறாவது ஆண்டில் நடந்துகொண்டிருக்கையில், மற்சுமோதோவிலே காலமானார். இரண்டாண்டுகளின் பின் அவர் துணைவியாரும் மறைந்தார். கணவரின் நூலை ஆங்கிலமாக்கி உலகுக்குத் தந்தவர் அவ்வம்மையாரே.

நூலைப் படித்த மறு வாரம் பூவரச நிழலுக்குச் சென்று தாய்மாரை உள்ளே வருமாறு கேட்டேன். எளிதில் வரவில்லை. பிள்ளை எப்போது வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குத் தோற்றும் என்று மட்டும் கேட்டுவந்தவர்களிடம், நீங்கள் முதலில் வில் பிடியுங்கள் என்றால் என்ன எண்ணுவார்கள்? ஒருவர் சிரித்தார். ஒருவர் மாமியார் ஏசுவார் என்றார். இருவர் பிள்ளைகளை நிறுத்தியே விட்டனர். எஞ்சியவர்கள் சப்பணமிட்டு இருந்து, அரை அளவு வயலினின் தலைப்பைக் காலிலே தாங்கி, வெறுந்தந்தியில் சட்சமும் பஞ்சமமும் இழுக்கப் பழகினார்கள். இசைத்தட்டின் வேலையை இன்று கைப்பேசி செய்கிறது. கடலுக்குப் போகாத நாட்களில் தந்தை ஒருவரும் வந்தார். வலை பின்னிய விரலுக்குத் தந்தி விரைவில் வசப்படும் என்பதை அவரிடம்தான் கண்டேன்.

அன்றொருநாள் வழியிலே என்னிடம் வருந்திப் பேசிய அத்தாயார் சில ஆண்டுகள் கழித்து இளைய மகனோடு வந்தார். மூன்றரை வயது. சரளி வரிசையின் முதல் வரிசையை மாயாமாளவகௌளையில் பிழையின்றி வாசிக்க அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதுவரை சுவரோடு சாய்ந்து விரல் சூப்பிக்கொண்டிருந்த பையன், ஒரு மாலை எழுந்து வந்து வில்லைப் பிடித்து இழுத்தான். தாய் விடவில்லை, வரிசையை முடித்த பின்தான் கொடுத்தார். அறையிலிருந்த எல்லாரும் சிரித்தோம்.

அவனுடைய அக்காவும் தம்பியை அழைத்துப் போக வருவதுண்டு. உள்ளே வருவதில்லை. முற்றத்துப் பூவரசின் கீழ் இருப்பாள். வகுப்பு முடியும் நேரத்தில் அவள் விரல்கள் முழங்காலின் மேல் தாளம் போடுவதை ஜன்னல் வழியே பார்க்கிறேன். அவளை எப்படி அழைப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.